பூவாத்தாள் சாய்ந்த இடம்

இதை நான் உட்கார்ந்துகொண்டுதான் சொல்ல முடியும், நின்றுகொண்டு சொல்லத் தெம்பில்லை, ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். குறிச்சிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தொழிற்பேட்டையில், பெயிண்ட் வாளிக்கு மூடி போடும் ஒரு சின்னக் கம்பெனியில், பத்தொன்பது வருஷமாக ஒரே மெஷினில் வேலை பார்த்துவந்த பூவாத்தாள் அக்கா, ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, கனமாக எதையும் தூக்காமல், யாரோடும் சண்டை போடாமல், காலையில் தின்ற இட்லி வயிற்றில் இருக்கும்போதே, நானூற்றுப் பதினோரு பேருடைய அசதியோடு தரையில் உட்கார்ந்தார். எண்ணிக்கை எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு டம்ளர் டீயில் ஐந்து ஸ்பூன் சீனி போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குக் காரணம் நான். என் பெயர் தனபால். மெஷின்களுக்கு வெளித்தோற்றம் வரைந்து கொடுப்பது என் தொழில், உள்ளே என்ன சுற்றுகிறது, என்ன கொதிக்கிறது என்பதில் எனக்கு வேலையில்லை, மேலே எந்த இடத்தில் மடிக்க வேண்டும், எங்கே வளைக்க வேண்டும், எந்த நிறம் அடிக்க வேண்டும் என்பதோடு சரி. பேட்டையில் என்னை மெஷின் டெய்லர் என்பார்கள். என் கல்யாணத்தின்போது இந்தத் தொழிலைப் பெண் வீட்டாருக்கு விளக்கிப் பார்த்து, வாய் வலித்து, என் மாமா கடைசியில் இன்ஜினியர் என்று சொல்லி முடித்துவிட்டார். என் மனைவி இன்றைக்கும் அதையே சொல்லிக் காட்டுகிறாள்.

நாச்சிமுத்து சார் மோல்டிங் மெஷின் செய்கிறவர். பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சுக்குள் அழுத்தி வாளியாகவும் மூடியாகவும் வெளியே தள்ளும் மெஷின். இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறார், ஒன்றுகூடப் படுத்ததில்லை. ஆனால் அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"மெஷின் தங்கமாட்ட ஓடுது தம்பி. ஆனா எக்ஸிபிஷன்ல எவனும் திரும்பிப் பாக்கறதில்ல. பீரோன்னு நெனச்சுட்டுத் தாண்டிப் போயர்றாங்க. போன தடவ ஒருத்தரு வந்து, இதுல லாக்கர் எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேட்டாரு."

"மாத்திரலாங்க சார்."

"உள்ள ஒரு போல்ட்டு அசையக் கூடாது. மேல் சட்டைய மட்டும் மாத்திக் குடுங்க."

பழைய டிராயிங் வேண்டும் என்றேன். வரைந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் டிராயிங் இல்லையென்றால் சாம்பிள் பார்ப்பது வழக்கம், ஓடுகிற ஒன்றை அளந்து இன்னொன்றைச் செய்வோம், இந்த ஊரில் பாதி மெஷின்கள் அப்படிப் பிறந்தவைதான். நாச்சிமுத்து சார் செய்த ஏழாவது மெஷின் மூடிக் கம்பெனியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதைவிடப் பழையது எதுவும் இந்த ஊரில் இல்லை. ஆனால் வேலை நாளில் மெஷினை நிறுத்த எந்த முதலாளி ஒத்துக்கொள்வார். நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார், நான் பொருளின் வடிவத்தை அப்படியே அளந்தெடுக்கும் ஒரு ஸ்கேனரை வாடகைக்கு வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அந்தப் பச்சை மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆபரேட்டர் நிற்கும் பக்கத்துத் தகட்டில், தோளுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும், ஒரு விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. அடிபட்ட பள்ளமென்றால் ஓரம் வெட்டென்று இருக்கும், இது தடவிக் கொடுத்தது மாதிரி வழவழப்பாக இருந்தது, பெயிண்ட் தேய்ந்து தகடு பளபளத்தது. செத்துப்போன அந்த டிராயிங்காரர் ஏதோ தெரிந்துதான் இப்படி வைத்திருக்கிறார், பீரோவுக்கு நடுவே ஒரே ஓர் அழகான இடம் என்று நினைத்து, நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இருபது வருஷ அனுபவம் எனக்குச் சொன்னது அதுதான். ஒரு நாள் தள்ளித் திங்கட்கிழமை போயிருந்தால், ஒரு பெண்மணி மெஷின் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் உருகி இறுகும் முப்பத்தெட்டு செகண்ட் அந்தத் தகட்டில் தோளும் இடுப்பும் பதிய ஒருக்களித்துச் சாய்ந்து நின்று, மூடியை எடுத்து, கதவைச் சாத்தி, மறுபடி சாய்ந்து, இப்படி ஒரு நாளைக்கு அறுநூற்றுச் சொச்சம் தடவை சாய்வதைப் பார்த்திருப்பேன். பள்ளத்தைச் செய்தது யார் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

ஏழு தடவை வரைந்தேன். நாச்சிமுத்து சாருக்குக் கிளிப்பச்சை வேண்டும், அவருடைய ஆடிட்டருக்கு மெரூன் வேண்டும், வாஸ்து பார்க்கிறவருக்கு வடகிழக்கு மூலை வளையக் கூடாது, கம்பெனிக்குத் தண்ணீர் கேன் போட வந்தவர்கூட ஒரு யோசனை சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டித் தலையாட்டி, கடைசியில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்தப் பள்ளத்தை மட்டும் யாரும் தொடவில்லை. முதல் மெஷின் தயாரான அன்று நாச்சிமுத்து சார் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து, யாரும் சொல்லாமலே அதில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். முந்தின வருஷம்தான் அவர் மனைவி தவறியிருந்தார். எத்தனை நேரம் நின்றாரோ, கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இது இருக்கட்டும் தம்பி" என்றார். அதே மாதிரி இன்னொரு தகடு அடிக்கச் சொல்லி ஆபீஸில் தன் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஓசூரில் முதல் மெஷின் மாட்டிய மூன்றாம் நாளே ஆபரேட்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அந்தப் பள்ளத்தில் ஒரு முறை சாய்ந்தால் அதுவரைக்கும் சேர்ந்த அசதி அவ்வளவும் தகட்டுக்குள் இறங்கிவிடுகிறது, உடம்பு காலையில் குளித்துவிட்டு வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. ஷிப்ட் முடிந்து போகிற ஆண்கள் வீட்டில் துணி துவைத்தார்கள், பெண்கள் சாயங்காலத்தில் தையல் வகுப்புக்குப் போனார்கள், புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்டும் சேர்ந்து கபடி டீம் அமைத்தது. மெஷினுக்கு வெள்ளிக்கிழமை பூப்போட்டார்கள். இடைவேளையில் கணக்குப் பிள்ளையும் வாட்ச்மேனும் வரிசையில் நின்று சாய்ந்து பார்த்தார்கள், ஆனால் அது அதில் வேலை செய்கிறவர்களுடைய அசதியை மட்டும்தான் வாங்கிக்கொண்டது, நாச்சிமுத்து சார் ஒருவர் விலக்கு, செய்தவர் என்பதால் இருக்கலாம். ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. நூற்று முப்பத்தேழு மெஷின்கள் போயின, மெஷினுக்கு மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு ஒருவர். இறங்குகிற அசதி எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. குளித்த தண்ணீர் எங்கே போகிறதென்று யார் கேட்கிறார்கள்.

அது பூவாத்தாள் அக்காவிடம் போனது. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், சரியாகத்தான் இருந்தது. கண்டுபிடித்தது பேட்டை டீக்கடைதான். நாச்சிமுத்து கம்பெனியில் லாரி அனுப்புகிறவரும் மூடிக் கம்பெனிப் பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசி, என்றைக்கெல்லாம் எங்கே புது மெஷின் மாட்டினார்களோ அன்றைக்கெல்லாம் அக்காவுக்கு மூன்று ஆள் அசதி கூடியிருக்கிறது என்று தேதியோடு சொல்லிவிட்டார்கள். யாரும் அதற்காகப் பதறவில்லை. அவருடைய இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டாள், மெஷினுக்குப் பக்கத்தில் காலிச் சாக்கை மடித்துப் படுக்கை போட்டார்கள், மத்தியான இடைவேளையில் முறை வைத்துக்கொண்டு கால் அமுக்கிவிட்டார்கள். வீட்டில் படுத்தாலும் அதே அசதி, இங்கே நாலு முகமாவது பார்க்கலாம் என்று அக்காவும் தினம் வந்துகொண்டிருந்தார்.

செய்தி எனக்கு வந்தபோது போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது இதைச் சொல்ல. மூன்றாம் நாள் போனேன்.

"அக்கா, நாந்தான் அளவு எடுத்தவன். ஞாயித்துக்கெழம வந்தேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வேலை என்பது தெரிந்தது.

"திங்கக்கெழம வந்திருந்தா நானே ஒரு வார்த்த சொல்லியிருப்பனுங்க சார்."

"ரொம்ப முடியலீங்களா அக்கா?"

"இது என்ற அசதியில்லீங்க. என்ற அசதிய எனக்குத் தெரியும், அது இடுப்புல இருந்து வரும், இடுப்புல புடிச்சு முட்டிக்கு எறங்கி, அப்பறம் பின்னங்கழுத்துக்கு ஏறும். இப்ப வர்றதெல்லாம் வேற வேற. இதா, இது தோள்ல இருந்து வருது, யாரோ ஒசரமான ஆம்பள. இது எடது கைக்காரப் புள்ள. இது யாரோ கைக்கொழந்தக்காரி, ராவெல்லாம் தூங்குல." நிறுத்தி மூச்சு வாங்கினார். "பாவம் சார், எல்லாம் நல்ல சனந்தான்."

"உங்க அசதி எங்கீங்கக்கா போச்சு? பத்தொம்பது வருஷத்து அசதி."

"அதத்தான் இந்தப் பள்ளத்துல வெச்சிருக்கறனுங்களே" என்றார், சாவியை எங்கே வைத்தோம் என்று சொல்வது மாதிரி.

பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை ஓசூருக்கும் புதுச்சேரிக்கும் ராஜ்கோட்டுக்கும் அனுப்பிவிட்டு, வாரம் ஒரு முறை போனில் நல்லா இருக்கேன் என்ற ஒரே பதிலைக் கேட்டுச் சலித்த அப்பா அம்மாக்கள். அக்காவிடம் பெயரைச் சொல்வார்கள், மெஷின் நம்பரைச் சொல்வார்கள், அக்கா கண்ணை மூடித் தன் உடம்புக்குள் தேடுவார். உன்ற மகன் நேத்து ரெண்டு ஷிப்ட் பாத்திருக்கறான், சாப்பிடவே இல்ல. உன்ற மகளுக்கு முதுகு வலி, ஆனா மனசு நல்லா இருக்குது, ரொம்ப லேசா இருக்குது, யாரையோ புடிச்சிருக்குதாட்ட இருக்குது. கேட்டவர்கள் அழுதுவிட்டோ சிரித்துவிட்டோ, கொண்டுவந்த முறுக்கையும் வாழைப்பழத்தையும் சாக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு மாதத்தில் இது பேட்டையில் வழக்கமாகிவிட்டது, வெளியூர் ஆட்களுக்கு ஆட்டோக்காரர்களே வழி சொன்னார்கள். அக்காவைப் பாவம் என்று சொன்ன வாய்களெல்லாம் அதற்குப் பிறகு அதை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தன.

அவர்களில் கிட்டுசாமி என்பவர் தினம் வந்தார். லேத் பட்டறையில் வேலை. அவருடைய மகள் மேகலா, அவருக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் அந்த மெஷினில் வேலை பார்த்தாள், இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. வந்து ஒன்றும் கேட்கமாட்டார், எதிரில் குத்துக்காலிட்டு உட்காருவார். அக்காவே சொல்வார், இன்னிக்குப் பரவால்லீங்க, கால்தான் கொஞ்சம் வீக்கம். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்.

அறுபது மெஷினுக்கு ஒரே ஆர்டர் வந்தது. மாதக் கடைசியில் லாரி ஏற வேண்டும். அப்போது அக்காவால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை, சோற்றை யாராவது ஊட்ட வேண்டியிருந்தது, தண்ணீர் விழுங்கிவிட்டுக் களைத்துப் போனார்.

"அறுவது மிசினு, நூத்தியெம்பது பேரு" என்றார் என்னிடம். "என்னால ஆவாதுங்க சார். செத்துப் போயிருவனுங்க." அழுகையில்லாமல், பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

நாச்சிமுத்து சாரிடம் போனேன். பள்ளத்தை எடுத்துவிட்டு வேறு பேனல் வரைந்து தருகிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரைகிறேன், சும்மா வரைகிறேன் என்றேன்.

"பள்ளத்துக்குத்தான தம்பி மெஷினே போகுது."

"ஒருக்கா வந்து அவங்களப் பாருங்க சார். அது போதும்."

வந்தார், ஆரஞ்சுப் பழப் பையோடு. பத்தொன்பது வருஷமாகத் தன் மெஷினை ஓட்டியவரை அவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார், நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஆபீசுல சாயங்காலம் ஆறு மணிக்கு சாயறது நீங்கதானுங்களா" என்றார்.

அவர் பழப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அது ஒடம்பு அசதியில்லீங்க. அது வந்தா எனக்கு நெஞ்சுல நிக்குது, சோறு எறங்கறதில்ல. அந்தம்மா பேரு என்னுங்க?"

"ருக்மணி" என்றார் நாச்சிமுத்து சார். பழப் பையை வைத்துவிட்டு வெளியே வந்து, காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பழைய மெஷினு இப்ப என்னுதில்ல, அதுக்கு நீங்க என்ன பண்ணுனாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான், அதற்கே அவர் வயசு கூடிவிட்டது மாதிரி இருந்தது.

பழைய மெஷினின் பள்ளத்தை நிமிர்த்தினால் போதும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. வந்த வழி அதுதானுங்களே என்றார். பேட்டையில் தகட்டு நெளிவு எடுக்கும் மூன்று டிங்கர்களையும் கேட்டேன், ஒருவருக்குக் கை வலி, ஒருவர் ஊருக்குப் போகிறார், மூன்றாமவர் தன் மகன் புதுச்சேரியில் இருக்கிறான் என்று நேராகவே சொல்லிவிட்டார். அவரிடம் மரச்சுத்தியலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டிவிடுகிறேன் அக்கா என்றேன்.

"ஞாயித்துக்கெழம வேண்டாங்க சார். அன்னிக்கு அது வெறும் பொட்டி. ஓடறப்பத் தட்டுங்க."

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லத் தெம்பிருக்காது. நானூற்றுப் பதினோரு பேரும் அன்று அவரவர் அசதியோடு அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள், கபடி டீம் கலைந்தது, அறுபது மெஷின் ஆர்டர் பன்னிரண்டாகச் சுருங்கியது. ஓசூர் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு முன்னால் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டு வாங்கினார்கள், இத்தனை வருஷம் அது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை. நாச்சிமுத்து சார் ஆபீஸில் மனைவியின் படத்தை மாட்டினார், ஆறு மணிக்கு அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காருகிறார். பூவாத்தாள் அக்கா மறுநாளே தன் தலையைத் தானே சீவிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார்.

அது ஒரு திங்கட்கிழமை, பத்தே முக்கால். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. கிட்டுசாமி மட்டும் உள்ளே வந்து எனக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றார்.

"எனக்கு வேற வழியில்லீங்க" என்றார். "அவ எப்பிடி இருக்கறான்னு எனக்கு இது ஒண்ணுதான் வழி."

அக்கா படுத்தபடியே சொன்னார். "மேகலாளுக்கு அஞ்சு மாசமுங்கண்ணா. அதுதான் கால் வீக்கம். நீங்களே கேப்பீங்கன்னு நானும் சொல்லாம இருந்தனுங்க. ஓசூருக்கு ஆறு மணி நேரம்தான், பஸ்ஸு இருக்குது."

கிட்டுசாமி நின்றார். ஒரு மூடி விழுந்தது, இன்னொரு மூடி விழுந்தது. பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார், நின்றவர்கள் வழி விட்டார்கள்.

நான் மெஷினின் பின் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, தகட்டின் உட்புறத்தில் துணி சுற்றிய சுத்தியலால் தட்டினேன். ஆறு தட்டுக்கு ஒன்றுமில்லை. ஏழாவதில் தகடு டொப்பென்று ஒரு சத்தத்தோடு வெளியே நிமிர்ந்தது, பத்தொன்பது வருஷப் பள்ளம் இருந்த இடம் தெரியாமல் போனது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். சாக்குப் படுக்கையில் பூவாத்தாள் அக்கா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார், பிறகு எழுந்து நின்றார், யாரும் பிடிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுத்தியலைக் கீழே வைக்கக் குனிந்தேன்.

அது இடுப்பிலிருந்து வந்தது. இடுப்பில் பிடித்து, முட்டிக்கு இறங்கி, அப்புறம் பின்னங்கழுத்துக்கு ஏறியது, நின்று நின்று, சாய்ந்து சாய்ந்து, ஒவ்வொரு மூடியாக, ஒவ்வொரு நாளாக, பத்தொன்பது வருஷம் மொத்தமும், அதற்குள்ளே மாதவிடாய் நாட்களும், காய்ச்சலோடு வந்த நாட்களும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவந்த காலைகளும் இருந்தன. நான் அளந்தபோது ஒரு விரல் ஆழம்தான் இருந்தது. கண் இருட்டி, தரை எங்கே என்று தேடினேன்.

பூவாத்தாள் அக்கா வந்து என் கையைப் பிடித்து, தட்டையாகிப்போன அந்தத் தகட்டின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். மெஷினின் முன் கதவைச் சாத்தினார்.

"முப்பத்தெட்டு செகண்டு இருக்குதுங்க சார்" என்றார். "அதுக்குள்ள சித்த சாஞ்சுக்குங்க."